பதினோராம் நம்பர் பாட்டில்

தேவசகாயம் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் செய்ததைச் செய்துவிட்டு வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பான். நாமும் அவனைப் பற்றிப் பேச வேண்டியிருக்காது. அவன் பயந்தாங்கொள்ளி. அதிலும் ஒரு தினுசான பயந்தாங்கொள்ளி. பாம்புக்குப் பயப்பட மாட்டான், காலராவுக்குப் பயப்பட மாட்டான். எதிரே நிற்கிறவர் முகம் சுளிக்கும்படி ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் மட்டும் அவன் நழுவப் பார்ப்பான்.

திருமானூரிலிருந்து அரியலூர் போகிற பாதையில் அந்த நாளில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி இருந்தது. எட்டுக் கட்டில். மெட்ராஸிலிருந்து வந்த லீலாவதி என்ற டாக்டரம்மா, கம்பவுண்டர் தேவசகாயம், கூட்டிப் பெருக்க ராசாத்தி, அவ்வளவுதான் ஆள்படை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நாலு. சண்டை நடந்துகொண்டிருந்தது. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, ஸ்பிரிட்டுக்குத் தட்டுப்பாடு, மூடியோடு ஒரு நல்ல கண்ணாடி பாட்டில் கிடைத்துவிட்டால் அதைப் பூட்டி வைக்கிற காலம். ஈரல்கட்டிக்கு மட்டும் பஞ்சமே இல்லை.

ஒரு வயது, ஒன்றரை வயதுப் பிள்ளைகளுக்கு வருகிற நோய் அது. முதலில் பிள்ளை சிடுசிடுவென்று இருக்கும். பிறகு வயிறு பெருக்கும், கண் மஞ்சளிக்கும், ஆறு மாதத்தில் போய்விடும். ஒரே வீட்டில் இரண்டு மூன்று என்று வாரிக்கொண்டு போவதும் உண்டு. ஏன் வருகிறது என்று எந்த டாக்டருக்கும் தெரியவில்லை. அதனால் மெட்ராஸ் டாக்டர்கள், கல்கத்தா டாக்டர்கள், பம்பாய் டாக்டர்கள் எல்லோரும் கடிதம் போட்டுக் கலந்து பேசி ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். இந்த நோயில் இறந்த பிள்ளையின் ஈரலிலிருந்து சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு எடுக்க வேண்டும். மருந்துத் தண்ணீரில் போட்டு, பெயர் எழுதாமல் நம்பர் மட்டும் எழுதி, ரயிலில் மெட்ராஸுக்கு அனுப்ப வேண்டும். அங்கே அதை மெழுகில் பதித்து அலமாரியில் அடுக்கி வைப்பார்கள். எந்த ஊர் டாக்டர் கேட்டாலும் அதிலிருந்து மெல்லிசாக ஒரு சீவல் சீவி அனுப்புவார்கள்.

"நூறு வருஷம் ஆனாலும் கெடாது, கம்பவுண்டர். இன்னும் பொறக்காத டாக்டர்கூட எடுத்துப் பார்க்கலாம்" என்று லீலாவதி சொல்வார். சொல்லும்போது அவர் முகமே மாறிவிடும்.

அவர் கண்டிப்பாகச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். தாய் தகப்பனைக் கேட்காமல் கத்தியைத் தொடக்கூடாது. அதற்காகத் தம் கையாலேயே பெரிய எழுத்தில் ஒரு காகிதம் எழுதி வைத்திருந்தார். அதைக் கம்பவுண்டர் நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்ட வேண்டும். அவர்கள் சரி என்றால் கைநாட்டு வாங்க வேண்டும். வேண்டாம் என்றால் பிள்ளையை அப்படியே அனுப்பிவிட வேண்டும். முதல் பத்துப் பேரிடம் தேவசகாயம் வாசித்துக் காட்டினான். நாலு பேர் சரி என்றார்கள். ஆறு பேர் வேண்டாம் என்றார்கள். அதில் ஒருத்தர் காறித் துப்பினார். எச்சில் அவன் செருப்பில் விழுந்தது. வேறு ஊர்களிலிருந்து இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த ஆறு துண்டுகளோடு சேர்த்து அது வரைக்கும் பத்து பாட்டில் மெட்ராஸ் போயிருந்தது.

தை மாதம் ஒரு மத்தியானம் அடைக்கலம் இறந்தான். பதினாலு மாதப் பிள்ளை. தேவசகாயத்துக்கு அந்நியப் பிள்ளையும் இல்லை. அவன் ஊர்தான், அவன் கோயில்தான். பிள்ளையின் தாய் மரிய புஷ்பம் அவனை அண்ணே என்று கூப்பிடுவாள். தகப்பன் ஆரோக்கியசாமி மச்சான் என்பான். ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவுக்கு நேர்ந்துகொண்டு பெற்று, அந்த அம்மாள் பெயரையே வைத்த பிள்ளை. அதற்கு முன் இதே கட்டியில் ஒன்றைப் பறிகொடுத்திருந்தாள்; வயிற்றில் இன்னொன்று ஆறு மாதம்.

அவர்களிடம் அந்தக் காகிதத்தை எப்படி வாசிப்பது? வாசித்தால் புஷ்பம் என்ன சொல்வாள் என்று அவனுக்குத் தெரியும். அவர்கள் ஊரில் உடம்பு என்றால் முழு உடம்பு. கரும்பாலையில் ராயப்பனுக்குக் கை போனபோது அந்தக் கையைத் துணியில் சுற்றி, தீர்த்தம் தெளித்து, கல்லறையில் குழி வெட்டி வைத்தார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து ராயப்பன் இறந்தபோது அவனைக் கொண்டுபோய்க் கை இருந்த குழியிலேயே சேர்த்தார்கள். கடைசி நாளில் எக்காளம் ஊதும்போது எழுந்திருக்கிறவன் கையைத் தேடி அலையக்கூடாது என்பது அவர்கள் எண்ணம். அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. தேவசகாயமும் அதை நம்புகிறவன்தான்.

அவன் காகிதத்தை எடுத்துப் போனான். ஆரோக்கியசாமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தேவசகாயம் காகிதத்தை மடித்து, கீழ்ப்பக்கம் மட்டும் தெரியும்படி நீட்டினான்.

"மாப்ள, இதுல ஒரு கைநாட்டு வச்சிடுங்க. புள்ளையத் தூக்கிட்டுப் போலாம்."

ஆரோக்கியசாமி என்ன ஏது என்று கேட்கவில்லை. கட்டைவிரலை நீட்டினான். தேவசகாயமே அந்த விரலைப் பிடித்து மையில் ஒற்றி, காகிதத்தில் அழுத்தினான். விரல் காய்த்துப்போய்க் கட்டியாக இருந்தது.

"சொன்னீங்களா? சரின்னாங்களா?" என்று லீலாவதி கேட்டார்.

"சொன்னேங்க. சரின்னுட்டாங்க."

"பெரிய மனசு" என்றார் அவர். பாட்டிலில் பதினொன்று என்று எழுதினார்கள். மறுநாள் தேவசகாயம் வழக்கம்போல அரியலூர் போய் அதை ரயிலில் ஏற்றிவிட்டு வந்தான்.

இறந்த அன்றே பிள்ளையைக் குளிப்பாட்டும்போது வலது விலாவுக்குக் கீழே இரண்டு தையலைப் புஷ்பம் பார்த்துவிட்டாள். இழவு வீட்டிலேயே அவனைக் கேட்டாள். ஊசி போட்ட இடம் என்று பூசி மெழுகினான். அப்போதைக்கு அவள் நம்பினாள். மாசி மாதம் அவள் தன் உடம்பைக் காட்ட ஆஸ்பத்திரிக்கு வந்தபோது ராசாத்தி வாயைத் திறந்துவிட்டாள். "எல்லாரும் குடுக்க மாட்டாங்க தாயி. நீ குடுத்தியே" என்று ஏதோ ஆறுதலாகச் சொல்லப் போய், எல்லாம் வெளியே வந்துவிட்டது. ராசாத்தியைக் குறை சொல்லி என்ன செய்வது, கேட்காமல் எடுத்தது அவளுக்கும் தெரியாது.

புஷ்பம் மருந்து கலக்கும் அறை வாசலில் வந்து நின்றாள். சத்தம் போடவில்லை.

"அண்ணே, எம்புள்ளகிட்டேர்ந்து எடுத்தது எங்க இருக்கு?"

அவன் மேஜை மேலிருந்த அளவுக் குப்பியைத் துடைக்க ஆரம்பித்தான். ஏற்கெனவே துடைத்த குப்பி.

"ஏன் எடுத்தீங்க, யாரு எடுக்கச் சொன்னான்னெல்லாம் நான் கேக்கல. அதக் குடுத்துடுங்க. அவங்கூட வச்சிடுறேன். டாக்டரம்மாகிட்ட வேணா நானே கேக்கட்டுமா?"

"வேணாம், வேணாம். நானே தரேன் தங்கச்சி. வெள்ளிக்கிழமை தரேன்" என்றான் அவசரமாக.

இங்கேதான் அவன் இரண்டாவது முறை வழுக்கினான். முதல் தப்புக்காவது ஒரு சாக்கு உண்டு. செத்த பிள்ளையின் தாய் முகத்தைப் பார்த்துப் பேசப் பயந்தான் என்று சொல்லலாம். இதற்கு என்ன சொல்வது? அந்தத் துண்டு மெட்ராஸில் மெழுகுக்குள் இருக்கிறது. அதைச் சொன்னால் அவள் டாக்டரம்மாவிடம் போவாள். போனால் கைநாட்டு வாங்கிய விதம் அம்பலமாகும், வேலை போகும். வேலை போவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். டாக்டரம்மா தன்னைப் பார்க்கப்போகிற பார்வையை நினைத்தால்தான் அவனுக்கு உடம்பு கூசிற்று.

வியாழக்கிழமை அரியலூருக்கு மருந்துப் பார்சல் எடுக்கப் போனவன் கறிக்கடையில் நின்றான். நகம் அளவு ஈரல் என்று எந்தக் கடையில் கேட்பது? முழு ஈரலாக ஒன்று வாங்கினான். அதில் ஒரு துணுக்கை வெட்டி, ஸ்பிரிட் ஊற்றிய பாட்டிலில் போட்டு, காகிதம் ஒட்டி, மேலே ஒரு சிலுவை போட்டு, அடைக்கலம் என்று எழுதினான். கையெழுத்து நன்றாகவே வந்தது. மீதியை மனைவி மிளகு போட்டு வறுத்தாள். எதற்கு இன்றைக்கு ஈரல் என்று அவள் சந்தோஷமாகக் கேட்டாள். அவன் வாய்க்குள் போட்டதை விழுங்க முடியாமல் கொல்லைக்கு ஓடினான்.

வெள்ளிக்கிழமை கல்லறையில் இருபது பேர் கூடியிருந்தார்கள். பங்குச் சாமியார் வந்து மந்திரித்தார். ஒரு சின்னக் கலயத்தில் பாட்டிலை இறக்கி வைத்தார்கள். திறந்து பார்ப்பார்களோ என்று தேவசகாயம் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தான், யாரும் திறக்கவில்லை. புஷ்பம் கலயத்தை அவன் கையில் கொடுத்தாள்.

"நீங்களே வைங்கண்ணே. அவன் மூச்சு நின்னப்ப பக்கத்துல இருந்தது நீங்கதான். நீங்க இல்லன்னா எம்புள்ள கொறையாத்தான் எந்திரிச்சிருப்பான்."

குனிந்து வைத்தான். தீர்த்தம் அவன் புறங்கையிலும் நாலு சொட்டு விழுந்தது. அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் வேட்டியில் துடைத்தான். ஆட்டு ஈரலுக்குச் சாமியார் செபம் சொல்ல, ஊரே ஆமென் என்றது. அவனும் ஆமென் என்றான்.

அதற்குப் பிறகு அவன் நிமிர்ந்து நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் பூசை முடிந்து புஷ்பம் அங்கே ஒரு மெழுகுவத்தி ஏற்றுவாள். அவன் கோயிலின் மறுபக்க வாசல் வழியாக வெளியேறுவான். பாஸ்கு என்கிற ஈஸ்டர் திருநாளுக்கு ஊரில் எல்லோரும் பூசையில் கொடுக்கிற அப்பமாகிய நன்மை வாங்கியே ஆகவேண்டும். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் வாங்க முடியாது, செய்ய அவனுக்கு வாய் வரவில்லை. வாங்காமல் இருந்தால் உபதேசியார் கேட்பார். என்ன செய்தான் தெரியுமா? அன்றைக்கு விடிந்ததும் மனைவி கண் எதிரிலேயே ஒரு செம்பு நீராகாரத்தைக் குடித்தான். வெறும் வயிறாக இருந்தால்தான் நன்மை. "ஐயையோ, மறந்துட்டேன்" என்றான். மனைவி அவனையே பார்த்தாள். நாற்பது நாள் ஒருவேளை மட்டும் உண்டு ஒருசந்தி இருந்தவன் அன்றைக்கு மட்டும் எப்படி மறப்பான் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

சித்திரையில் புஷ்பத்துக்கு ஆண்பிள்ளை பிறந்தது. ஆடியில் மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தது.

லீலாவதி கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே மருந்தறைக்கு வந்துவிட்டார். வந்ததில் பதினோராம் நம்பர் மாதிரி சுத்தமாக வேறெதுவும் இல்லையாம். அதைச் சீவிக் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் அனுப்பியிருக்கிறார்களாம். அந்த வீட்டில் இன்னொரு பிள்ளை இருந்தால் அதன் ரத்தத்தில் சில சொட்டு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார்கள்.

"சனிக்கிழமை அந்த வீட்டுக்கு நானே வரேன், கம்பவுண்டர். அந்தத் தாயை நேரில் பார்த்துச் சொல்லணும். உங்க புள்ளை பத்திரமா இருக்கான்னு சொல்லணும். நாம எடுக்கிறதோட நிறுத்திக்கிறோம், திரும்பிப் போய் ஒரு நன்றிகூடச் சொல்றதில்லை."

தேவசகாயம் கையிலிருந்த குப்பிக்கு மூடி போட்டான். "ஆகட்டுங்க" என்று மட்டும் சொன்னான்.

வெள்ளிக்கிழமை காலை அவன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு புஷ்பத்தின் வீட்டுக்குப் போனான். ஆரோக்கியசாமி நாற்றங்காலில் இருந்தான். அவள் பிள்ளையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே. ஒக்காருங்க."

அவன் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னான். காகிதத்தை மடித்து நீட்டியதிலிருந்து தொடங்கி, ரயில், அலமாரி, மெழுகு எல்லாம் சொன்னான். கல்லறையில் வைத்ததை மட்டும் சொல்லாமல் நிறுத்திக்கொண்டான்.

"அப்ப அந்தப் பாட்டில்ல என்ன இருக்கு?" என்று அவள் கேட்டாள்.

"ஆட்டு ஈரல்."

எண்ணெய்க் கை பிள்ளையின் நெஞ்சில் அப்படியே நின்றது. அவள் அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், துடைப்பத்தை எடுப்பாள் என்று அவன் நினைத்திருந்தான். அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தான், சொல்லப்போனால் அதை எதிர்பார்த்தே வந்திருந்தான். அவள் பிள்ளையைத் துடைத்துத் தொட்டிலில் போட்டாள். பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். மூலையில் இருந்த களைக்கொட்டு ஒன்றை எடுத்தாள்.

"வாங்க" என்றாள்.

ஊர் முழுக்க வயலில் இருந்த நேரம். கல்லறையில் ஒரு ஈ காக்கை இல்லை. களைக்கொட்டை அவன் கையில் கொடுத்துவிட்டு அவள் தள்ளி நின்றாள். அவன் முட்டி போட்டுத் தோண்டினான். கலயம் உடைந்திருந்தது. பாட்டில் நன்றாக இருந்தது. உள்ளே அந்தத் துணுக்கு வெளுத்துப்போய், ஆனால் முழுசாகக் கிடந்தது. காகிதம் மட்கியிருந்தாலும் சிலுவை தெரிந்தது.

"அஞ்சு மாசம் இதுக்கு மெழுகுவத்தி ஏத்துனேன்" என்றாள் அவள். "எடுத்துட்டுப் போங்க. வூட்டுக்காரர்கிட்ட சொல்ல மாட்டேன். டாக்டரம்மா கேட்டா நீங்க கேட்டுத்தான் எடுத்தீங்கன்னு சொல்லுவேன். ஒங்களுக்காவ இல்ல. எம்புள்ள குழியைப் பாத்து ஊரு சிரிக்கக் கூடாது."

அவன் காலில் விழப் போனான். அவள் நகர்ந்து கொண்டாள்.

கொள்ளிடக் கரைக்குப் போய் அதைத் தண்ணீரில் கொட்டினான். கொட்டிவிட்டு, பாட்டிலை மணல் போட்டு மூன்று தடவை கழுவி, காகிதத்தைச் சுரண்டி, சைக்கிள் பையில் போட்டுக்கொண்டான். பாதி வழி வந்த பிறகுதான் செய்தது அவனுக்கே உறைத்தது. பாட்டில் கிடைக்காத காலம். கை தன்பாட்டுக்கு அந்த வேலையைச் செய்துவிட்டது. சைக்கிளிலிருந்து இறங்கி, ரோட்டோரம் உட்கார்ந்து, தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பாட்டிலைத் தூக்கி எறியவும் மனசு வரவில்லை, அதுதான் இன்னும் கேவலம்.

சனிக்கிழமை பத்து மணிக்கு லீலாவதி வில்வண்டியில் வந்து இறங்கினார். ஆரோக்கியசாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வரவேற்றான். கயிற்றுக் கட்டிலில் புதுப்பாய் விரித்திருந்தது. மோர் கொடுத்தார்கள். தேவசகாயம் ஊசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாசல்படிக்குப் பக்கத்தில் குறுகி உட்கார்ந்தான்.

லீலாவதி புஷ்பத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க குடுத்ததை மூணு ஊரு டாக்டருங்க வச்சுப் பார்க்கிறாங்கம்மா. இந்தக் கட்டி எதனால வருதுன்னு ஒருநாள் தெரிஞ்சா, அதுல உங்க புள்ளைக்கும் பங்கு உண்டு. அன்னிக்குக் கம்பவுண்டர் கேட்டப்ப எப்படித்தான் மனசு வந்துச்சோ உங்களுக்கு."

ஆரோக்கியசாமி விழித்தான். "என்ன கேட்டாரு?" என்று மனைவி பக்கம் திரும்பினான்.

"எங்கிட்ட கேட்டாரு. துளியூண்டு அங்க இருக்கட்டும்னு நான்தான் சரின்னேன். ஒங்களுக்கு அன்னிக்கு ஒண்ணும் காதுல வுழல" என்றாள் புஷ்பம். தேவசகாயம் இருக்கிற திசையில் அவள் பார்க்கவே இல்லை.

ஆரோக்கியசாமி தலையை ஆட்டினான். தேவசகாயத்துக்குக் காது மடல் எரிந்தது. அவள் ஒரு பொய் சொல்லிவிட்டாள், அவன் சொல்ல வைத்துவிட்டான். காட்டிக் கொடுத்திருந்தால் அடி விழுந்திருக்கும், வேலை போயிருக்கும், வீட்டுக்குப் போய்த் துணிந்து படுத்திருக்கலாம். இப்போது அந்த நிம்மதிக்கும் வழி இல்லை.

லீலாவதி தொட்டிலை எட்டிப் பார்த்தார். மெட்ராஸ்காரர்கள் கேட்டதைச் சொன்னார். குதிகாலில் ஒரு குத்து, நாலு சொட்டு ரத்தம். அதனால் இந்தப் பிள்ளைக்கு நேரடியாக நன்மை ஒன்றும் கிடையாது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். கொடுக்காவிட்டாலும் வைத்தியத்தில் ஒரு குறையும் வராது என்றார்.

"நீங்க கேக்காதீங்க டாக்டரம்மா" என்றாள் புஷ்பம். "அவரு கேக்கட்டும்."

லீலாவதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. முன்பும் அவன்தானே கேட்டான், இவர்கள் வழக்கம் அப்படிப் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினார். "கேளுங்க, கம்பவுண்டர்."

தேவசகாயம் எழுந்தான். ஊசிப் பெட்டியைப் படியில் வைத்தான். தரையைப் பார்த்துப் பேசப் போனான்.

"என்னையப் பாத்து" என்றாள் அவள்.

பார்த்தான். தை மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தை அவன் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வெள்ளிக்கிழமை எல்லாம் சொன்னபோதுகூடத் தொட்டில் கயிற்றைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. இரண்டு பிள்ளையைப் பறிகொடுத்த இருபத்து மூன்று வயது முகம்.

"தங்கச்சி," என்று ஆரம்பித்தான். நிறுத்தினான். மறுபடி ஆரம்பித்தான். "ஒன் புள்ள கால்லேர்ந்து நாலு சொட்டு ரத்தம் வேணும். மெட்ராஸுக்கு அனுப்புவாங்க. அங்க நம்பர் போட்டு எடுத்து வப்பாங்க. ஒனக்கோ புள்ளைக்கோ அதுல ஒண்ணும் கெடைக்காது. எடுத்துக்கட்டுமா?"

அவள் தொட்டிலைப் பார்த்தாள். பிள்ளை விரலைச் சப்பிக்கொண்டு தூங்கியது. பிறகு அவனைப் பார்த்தாள்.

"வேணாம்" என்றாள்.

"சரிம்மா" என்றார் லீலாவதி. அவர் முகம் கொஞ்சமும் சுளிக்கவில்லை. மீதி மோரைக் குடித்தார், பிள்ளைக்குப் பால் போதுகிறதா என்று கேட்டார், மழை எப்படி என்று ஆரோக்கியசாமியிடம் விசாரித்தார். வானமும் இடியவில்லை, பூமியும் பிளக்கவில்லை. அந்த ஒரு சொல்லைக் காதால் கேட்கப் பயந்துதான் தேவசகாயம் இத்தனையும் செய்திருந்தான். ஊசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் வண்டியடிக்கு முன்னாலேயே போய், மாட்டுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றான்.